நோயாளியின் வாசல்

1697ஆம் ஆண்டில் கண்டி மாநகரைப் பெரியம்மை வாட்டியது. பலர் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். யோசேப் வாஸ் அடிகளாரோ அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார். இன்ன சமயத்தவர் என்று வினவினாரில்லை.

2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். நாமும் அவருடைய திருவுருவத்துக்கு மாலை சூட்டுகிறோம். ஆயின், போதைக்கு அடிமையான இளைஞன் வாழும் வீட்டைக் கண்டால் விலகி நடக்கிறோம். பெற்றோரும் பழிக்கு அஞ்சி மறைக்கின்றனர். மறைத்த நோய் எங்ஙனம் ஆறும்?

போதையும் ஒரு நோயே. அதற்கும் சிகிச்சை உண்டு. பெற்றோரே, வெட்கத்தை விடுத்து வைத்தியரை நாடுங்கள். மாணவரே, வழிதவறிய தோழனை இகழாதீர். அயலவரே, அவ்வீட்டுப் படலையை இன்றே தட்டுங்கள். அதுவே புனிதருக்கு நாம் சூட்டத்தக்க மாலை.