கேமரா யார் பக்கம்?

தோழர்களே, நான் பாலவாக்கத்துக்காரன். எங்க ஊரைக் கடக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை சினிமாவில் கதாநாயகன் கார் ஓட்டும் இடம், பணக்காரனின் பங்களா இருக்கும் இடம். குப்பமும் சேரியும் வருவதில்லை. வந்தால் கையில் அரிவாளோடு வரும். நம்ம பேச்சு காமெடியனுக்கு, நம்ம கறுப்பு அடியாளுக்கு. அந்த அடியாள் நடைக்கு நானும் விசிலடிச்சிருக்கேன்.

'வெறும் படம்தானே' என்கிறார்கள். இல்லை. 2000 முதல் நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்து, துரைப்பாக்கம் கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டது அரசு. அந்த முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள், போலீசும் சந்தேகப்படுகிறது. இந்தப் பொதுப்புத்திக்குத் தீனி போட்டதில் சினிமாவுக்குப் பங்கில்லையா? வீட்டை இடிக்கிறபோது ஊர் சும்மா இருப்பதற்கு, திரையில் பார்த்த ரவுடியே போதும்.

2014இல் பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தது. வடசென்னை இளைஞர்கள் அதில் கால்பந்து ஆடினார்கள், கம்பெனி வேலைக்குப் போனார்கள், காதலித்தார்கள். அரிவாள் அதிலும் உண்டு. ஆனால் ஒரு சுவருக்காக நம்மை வெட்டிக்கொள்ள வைப்பது எந்த அரசியல் என்று படம் கேட்டது.

ஒரு படம் போதாது. மாணவத் தோழர்களே, விசிலடிப்பதற்கு முன்னால் கேளுங்கள்: கேமரா யார் வீட்டு வாசலில் நிற்கிறது? அதைப் பிடித்திருக்கிற கை யாருடையது?