மனந்திறக்க ஓர் ஆள் தேடுகையில்...

உளவளத்துணை என்ற சொல் எங்கள் கிராமங்களுக்குப் புதியதல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் முகாம்களுக்கு வந்த பலர் தம்மை உளவளத்துணையாளர் என்று அறிமுகப்படுத்திக் கொண்டார்கள். சில நாட் பயிற்சி, சில வாரப் பணி; பிறகு திட்டம் முடிந்தது என்று போய்விட்டார்கள். 2009 இன் பின் வன்னியில் நிலைமை தலைகீழானது. வீடும் கிணறும் கட்டிக் கொடுக்க அனுமதி கிடைத்த நாட்களில், மனம் பற்றிய வேலைக்கு அனுமதி கிடைப்பது அரிதாக இருந்தது. இன்று பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் என்னிடம் வரும் சகோதரிகள் பலர் கேட்பது, "ஒருக்காப் போனனான் மிஸ், இனிப் போக மனமில்லை. வேற ஆள் இருக்கினமோ?" என்றுதான்.

ஏன் மனமில்லை என்று மெல்ல விசாரித்தால் காரணம் வெளியில் வரும். கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர். 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவர் படையினரிடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்டவர். அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. நித்திரை வராது, நெஞ்சடைப்பு, பெருமூச்சு. வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து, இருதயத்தில் பிழையில்லை என்று உளவளத்துணைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவரும் தமிழ்ப் பெண்தான். இரண்டாவது சந்திப்பிலேயே, "இவ்வளவு வருசமாப் போச்சு, அந்தியேட்டியைச் செய்து மனதை ஆற்றுங்கோ" என்றாராம்.

"பொட்டை அழிச்சால் நானே அவரைச் சாகடிச்ச மாதிரியெல்லோ, பிள்ளை" என்றார் அம்மா என்னிடம். அடுத்த திகதிக்கு அவர் போகவில்லை.

இப்படியான துயருக்குப் படிப்புலகிலும் ஒரு பெயர் உண்டு. அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். இறந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. இந்த இழப்பை முடித்துவைக்கும்படி யாரையும் நெருக்கக்கூடாது என்பது அவரது கருத்து. எங்கள் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அம்மா ஒவ்வோர் ஆண்டும் கணவரின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்கிறார். உயிரோடு இருப்பவரின் பெயருக்குத்தான் அர்ச்சனை செய்வோம். பின்னர் அவர் சந்தித்த இன்னொரு உளவளத்துணையாளர், அர்ச்சனைத் தட்டில் என்னென்ன வைப்பீர்கள், அன்றைக்கு வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டாராம். அந்த அம்மா ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கிறார். நெஞ்சடைப்பு முற்றாகப் போகவில்லை; ஆனால் இப்போது மாதம் தவறாமல் போகிறார்.

மட்டக்களப்பில் 1990களில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவர்களிடம் வாக்குக் கேட்கப் போனார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீசியா லோறன்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வெளியில் வாய்திறக்க முடியாத காலத்தில் அந்தக் கோயில் முற்றத்தில் அழ முடிந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற உளவளத்துணையாளரிடம் அந்தத் தாய் எப்படி மனந்திறப்பார்?

அப்படியானால் எங்கட ஆளாக இருந்தால் போதுமா? போதாது என்றே சொல்வேன். எங்கட ஆள் என்பதற்குள்ளே எத்தனை வேலிகள்! 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பெண், தன் பேச்சு வழக்கைக் கேட்டு எதிரில் இருப்பவர் சிரிப்பதைக் காண்கிறாள். இன்னொருத்தியிடம் "எந்த இடம், ஆற்றை ஆக்கள்?" என்ற கேள்வி வருகிறது. அது எதற்கான கேள்வி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னாள் போராளியாக இருந்த சகோதரிக்கோ தான் சொல்வது எந்தக் கோவையில் போகும் என்ற பயம். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் முஸ்லிம் சகோதரியை அலுவலகத்துக்கு வரச்சொல்லித் திகதி கொடுத்தவர்களும் உண்டு. சிலவேளை ஊரோடு தொடர்பில்லாத வேற்று மாவட்டத்துக்காரரிடம் மனம் இலகுவாகத் திறக்கிறது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடிவாங்கி வந்த பெண்ணிடம் "பொம்பிளை பொறுத்துப் போறதுதான் எங்கட பண்பாடு" என்று சொல்பவர் பண்பாட்டை மதிப்பவரல்லர், அடித்தவருக்காகப் பேசுபவர். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இதைச் சொல்லாமல் சமரசம் மட்டுமே பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாளே நீங்களும் கேள்வி கேட்கலாம். நான் சொல்வதை எழுதுவீர்களா? எழுதினால் யார் பார்ப்பார்கள்? எந்தச் சந்தர்ப்பத்தில் வேறொருவரிடம் சொல்ல வேண்டி வரும்? (உயிராபத்து இருந்தாலோ, சிறுபிள்ளைக்குத் தீங்கு நடந்தாலோ சொல்ல வேண்டி வரும் என்று நேர்மையாக விளங்கப்படுத்துபவரை நம்பலாம்.) என் ஊரில் உங்களுக்குச் சொந்தக்காரர் உண்டா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறாரா, ஆறுதலாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். உங்கள் பொட்டையும் விரதத்தையும் பர்தாவையும் பற்றித் தீர்ப்புச் சொல்கிறாரா, அல்லது அது உங்களுக்கு என்ன என்று கேட்கிறாரா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று தரம் போயும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை. ஆளை மாற்றினால் உதவிப் பட்டியலில் பெயர் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி எவராவது சொன்னால் பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முறையிடுங்கள்.

வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகக் காசு தேவையில்லை. கிளினிக் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு வையுங்கள். இரவில் தாங்கமுடியாமல் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். எடுத்தவுடனேயே தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வெளி வாங்கில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் உள்ளே போங்கள்.