முதல்ல டயர், அப்புறம்தான் பார்

சேலத்துலேர்ந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. சேர்வராயன் கோயில் இன்னும் மேலே. அங்கே பழைய காரை ஓட்டணும்னா, நம்ம பசங்க உடனே தேடுறது தடிமனான ஸ்வே பார். அவசியமா?

பார் சாய்வைக் குறைக்கும். புதுசா பிடிமானம் தராது. முன்பக்கம் தடித்தால் கார் திரும்ப மறுக்கும்; பின்பக்கம் தடித்தால் வால் சீக்கிரம் விலகும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பின்னால் ஸ்விங் ஆக்சில். வளைவில் திடீர்னு ஆக்சிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கி வால் வீசும். அதே அமைப்புள்ள ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல் பின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். முன் பாரைத்தான் தடிமனாக்கினார்கள்.

இறுகிப்போன டயரை வெச்சுக்கிட்டு பாருக்குக் காசு கொட்டுறது வீண். நாலும் ஒரே வகை நல்ல டயர், சரியான காற்று, அப்புறம் பார். மழை ஈரத்துல இறங்கும்போது காரைச் சாலையோடு பிடிச்சு வைக்கிறது உள்ளங்கை அளவு ரப்பர் நாலுதான்.