கைராசி எனும் கப்சாவும் மஞ்சளாகும் இட்லிப்பூவும்

"உனக்குக் கைராசி இல்ல, நீ செடியைத் தொடாதே."

இந்த ஒரு வரியைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்கான்னு தெரியல. இதைச் சொல்றது பெரும்பாலும் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா. கேட்டுக்கறது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள். ஆம்பளைங்க வச்ச செடி செத்தா மட்டும் "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்"னு வேற காரணம் கிடைச்சுடும். அதெப்படிங்க?

மக்களே, இந்தப் பதிவு அந்தக் கைராசிக்கு எதிராத்தான். சாட்சிக்கு ஒரே ஒரு செடியைக் கூப்பிடறேன். இட்லிப்பூ. நர்சரியில் இக்சோரான்னு சொல்லி, ஒன்றரை அடி உயரத்தில் கொத்துக் கொத்தா சிவப்பா பூத்து நிக்கறப்போ தலையில கட்டுவாங்களே, அதே குட்டை ரகம்தான்.

இதுக்கு நம்ம பழைய பேரு வெட்சி. தொல்காப்பியம் புறத்திணையை ஆரம்பிக்கறதே வெட்சியிலதான். ஆநிரை கவரப் போறவன் சூடிக்கிட்டுப் போற பூ. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதோட சொந்த ஊரு. மலையாளிகள் தெச்சின்னு சொல்லிக் கோயிலுக்குக் கட்டிக் கொடுக்கறாங்க. காப்பிச் செடிக்கு ஒரு வகையில பங்காளி, ரெண்டும் ஒரே குடும்பம். இப்படி நம்ம மண்ணுலயே பிறந்த செடி நம்ம மாடியில ஏன் மஞ்சளடிச்சுச் சாகுது? இதுதான் கேள்வி.

பதில் கையில இல்ல, தண்ணியில இருக்கு.

இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேணும். பி.எச். 5-லிருந்து 6-க்குள்ள இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். 7-ஐத் தாண்டினா மண்ணுல இரும்புச்சத்து எவ்வளவு இருந்தாலும் அது கரையாத உருவத்துக்கு மாறி, வேருக்குச் சிக்காமப் போயிடும். பந்தியில சாப்பாடு மலையா குவிஞ்சிருக்கு, இலையில மட்டும் யாரும் பரிமாறல, அந்தக் கதைதான். இரும்பு இல்லாம பச்சையம் உருவாகாது. பழைய இலையில இருக்கற இரும்பை எடுத்துப் புதுசுக்கு அனுப்பவும் செடியால முடியாது. அதனால புதுத் துளிர்தான் முதல்ல மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையா, நடுவுல எலுமிச்சை மஞ்சள். இந்த அடையாளத்தைப் பார்த்தீங்கன்னா கைராசி, கண் திருஷ்டி, வாஸ்து எல்லாத்தையும் மூட்டை கட்டிடலாம்.

இப்போ உங்க போர் தண்ணியைப் பாருங்க. வாளி ஓரத்துல வெள்ளையாப் படியுதா? ஹீட்டர் காயில்ல உப்புக் கட்டுதா? அதே தண்ணியைத்தான் தினம் ரெண்டு சொம்பு தொட்டியில ஊத்தறீங்க. அதுல இருக்கற பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமா மண்ணைக் காரமாக்கிட்டே போகும். அதுக்கு மேல தொட்டி சிமெண்ட் தொட்டி, மண் கட்டடம் கட்டின இடத்துல அள்ளினது, அதுல காரை, சுண்ணாம்பு எல்லாம் கலந்திருக்கு. இந்த நிலைமையில யார் கை பட்டாலும் ஒண்ணுதான்.

"எங்க ஒண்ணுவிட்ட அக்கா பாலக்காட்டுல வச்சா, தண்ணிகூட ஊத்தாம வேலி மாதிரி வளருதே, அது கைராசி இல்லாம என்ன?"ன்னு கேட்பாங்க. அது செம்புறை மண். இயல்பாவே புளிப்பு. அதோட கொட்டற மழை வேற. அக்கா கையை அங்கேயே விட்டுட்டு மண்ணை மட்டும் இங்க கொண்டு வந்தாலும் செடி வளரும்.

இதைவிட நல்ல சாட்சி சென்னையிலேயே இருக்கு. ஏப்ரல், மே மாசம் வெளிறிப் போய் நிக்கற தொட்டிச் செடி, ஐப்பசி கார்த்திகை மழை நாலு நல்லாப் பேய்ஞ்சதும் பச்சையாத் துளிர்க்கறதைப் பார்த்திருப்பீங்க. மழைத்தண்ணியில சுண்ணாம்பு இல்ல, அதனால துளிர்க்குது. அந்த வீட்டு மருமகளுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி கைராசி வந்துட்டுப் போகுதா என்ன?

அடுத்தது வைத்தியர்கள். செடி மஞ்சள்னு சொன்னா போதும், ஆளுக்கொரு மருந்து. முட்டை ஓடு போடுங்கறார் ஒருத்தர். முட்டை ஓடுங்கறது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. எரியற வீட்டுல எண்ணெய். அடுப்புச் சாம்பல் போடுன்னு இன்னொருத்தர், அதுவும் காரம்தான். துருப்பிடிச்ச ஆணி புதைன்னு ஒருத்தர். துரு காரமண்ணுல கரையவே கரையாது, காலில குத்தாம இருந்தா சரி. எப்சம் உப்புல மெக்னீசியம்தான் இருக்கு, இரும்பு கிடையாது. மெக்னீசியம் குறைஞ்சா பழைய இலைதான் முதல்ல மஞ்சளாகும், அது வேற வியாதி. காய்ச்சின டீத்தூளுக்குப் பெரிசா புளிப்பு ஒண்ணும் மிஞ்சறதில்ல. பாலும் சர்க்கரையும் சேர்ந்திருந்தா எறும்புக்கு விருந்து, அந்த எறும்பு மாவுப்பூச்சியைக் கூட்டிட்டு வரும். இத்தனையும் செஞ்ச பிறகு செடி செத்தா, வைத்தியம் தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "கைராசி இல்ல"ம்பாங்க!

இதைச் சிரிச்சுட்டு விட்டுடலாம், ஆனா முடியல. எங்க குடியிருப்பில ஒரு அக்கா நாலு தொட்டியில இந்தக் குட்டை ரகம் வச்சிருந்தாங்க. வெளியே வேலைக்குப் போகாதவங்க. சாயங்காலம் அரை மணி நேரம் மாடியில நிக்கறதுதான் அவங்களுக்குன்னு இருந்த நேரம். இலை மஞ்சளாச்சு. முதல்ல கைராசி இல்லன்னாங்க. அப்புறம் "அந்த மூணு நாள்ல தொட்டிருப்பா"ன்னு அவங்க காது படவே பேச்சு. இப்போ அந்த அக்கா மாடிக்கே வர்றதில்ல. இலையில இரும்பு இல்லாததுக்கு ஒரு மனுஷியோட அரை மணி நேரத்தைப் பிடுங்கியாச்சு. என் கோபம் செடிக்காக இல்லங்க.

இந்தத் தீட்டுக் கதை நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைக்காதீங்க. வியன்னாவுல பேலா ஷிக்னு ஒரு பெரிய டாக்டர், தொண்டை அடைப்பான் நோய்க்கான ஷிக் பரிசோதனையைக் கண்டுபிடிச்சவர். மாதவிலக்கா இருந்த பணிப்பெண் கை பட்டதால ரோஜா வாடிடுச்சுன்னு நம்பி, அந்த நாட்கள்ல உடம்புல ஒரு நஞ்சு சுரக்குதுன்னு 1920-ல கட்டுரையே எழுதினார். அந்த நஞ்சுக்கு "மெனோடாக்சின்"னு பேரும் வச்சாங்க. கடைசியில அறிவியல் அதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுச்சு. படிச்ச டாக்டரே செம்பில இருந்த தண்ணியைப் பார்க்காம பெண் கையைப் பார்த்தார்னா, நம்ம பெரியம்மாவைச் சொல்லி என்ன பண்ண?

சரி, திட்டினது போதும், செய்ய வேண்டியதைச் சொல்லிடறேன்.

1. காஞ்ச மண் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் ஊத்துங்க. நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. அந்த மண்ணே வேணாம், மாத்துங்க. செம்மண், மக்கின எரு, நல்லாக் கழுவின தேங்காய் நார்க்கழிவு போதும். அடியில ஓட்டை கட்டாயம். தண்ணி தேங்கி வேர் அழுகினாலும் இதே மஞ்சள் வரும்.

2. நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி கிடைக்கும், அதுதான் இரும்பு சல்ஃபேட். வெளிர்பச்சையா இருக்கறதை வாங்குங்க, பழுப்பாகிட்டா வேணாம். லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கலந்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு இலையில தெளிங்க. ரெண்டு வாரம் விட்டு மறுபடி. துளி பட்ட இடம் மட்டும் புள்ளி புள்ளியாப் பச்சையாச்சுன்னா இரும்புதான் குறைன்னு நிரூபணம். தரையில பட்டா துருக்கறை போகாது, ஜாக்கிரதை.

3. மண்ணுல போடறதுன்னா உரக்கடையில ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு கேளுங்க. மலிவா கிடைக்கற ஈ.டி.டி.ஏ. வகை காரமண்ணுல தாங்காது.

4. மழைத்தண்ணியைப் பிடிங்க. 2003-லிருந்து தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் இருக்கு, ஒரு டிரம் வைக்க என்ன கேடு?

5. தினம் நாலஞ்சு மணி நேரம் நேர் வெயில் வேணும். கிளை நுனியிலதான் பூ வரும், அதனால வாராவாரம் கத்திரி போடாதீங்க. பூத்து முடிஞ்ச கொத்துக்குக் கீழ மட்டும் லேசா வெட்டினாப் போதும்.

"அப்போ சிலர் எதை நட்டாலும் வளருதே?" வளரும்தான். அவங்க தினம் இலையைத் திருப்பிப் பார்ப்பாங்க, விரலை விட்டு ஈரம் பார்ப்பாங்க. அதுக்குப் பேரு கவனம். கவனத்தைக் கத்துக்கலாம், சொல்லிக் கொடுக்கலாம். ராசின்னு சொல்லிட்டா யாரும் எதையும் கத்துக்கவே வேணாம், பழியை மட்டும் ஒருத்தர் தலையில கட்டிட்டுத் தூங்கப் போகலாம். அந்த வார்த்தைக்கு இருக்கற ஒரே பயன் அதுதான்.

அடுத்த தடவை உங்க வீட்டுல யாராவது இதைச் சொன்னா, வாளி ஓரத்து வெள்ளையைச் சுரண்டிக் கையில கொடுங்க.

டிஸ்கி: "எங்க வீட்டுல நிஜமாவே கைராசி இருக்கு"ன்னு பின்னூட்டம் போடறவங்க, தண்ணியோட பி.எச்.சையும் சேர்த்துப் போடவும் :-)