கடையின் சாவி யார் கையில்?

தராசு, படிக்கல், பேரேடு, கல்லாப் பெட்டி. ஒரு காலத்தில் இவைதாம் நமது மளிகைக் கடையின் சாதனங்கள். எது பழுதானாலும் நம் கண்ணுக்குத் தெரியும். இன்றோ பில் போடும் கணினி, பில் பிரிண்டர், கார்டு இயந்திரம், கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டி, குடோனில் இன்னொரு கணினி என எல்லாம் ஒரே இணைப்பில் கோர்க்கப்பட்டு நிற்கின்றன. இதில் எது எப்போது நின்றது என்பது வாடிக்கையாளர் வரிசையில் நின்று முணுமுணுக்கும்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது.

மாத முதல் ஞாயிறு, கடை நிறையக் கூட்டம். பில் நின்றுவிடுகிறது. இன்டர்நெட்காரரைக் கேட்டால் கணினியில் கோளாறு என்கிறார். கணினிக்காரரைக் கேட்டால் லைனில் கோளாறு என்கிறார். இருவருக்கும் நடுவே நம் வியாபாரம் போகிறது. இந்த அனுபவம் இல்லாத வணிகர் நம்மில் குறைவு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் என்று ஒன்று உண்டு. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. அதன் வேலை எளியது. இணைப்பிலுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் குறித்த இடைவெளியில் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் நம் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். 1988இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்ற பொது முறைப்படி, பிரிண்டரில் காகிதம் தீர்ந்ததா, லைனில் எவ்வளவு தகவல் போகிறது, அதற்கான வசதியுள்ள யூ.பி.எஸ். என்றால் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதையும் கேட்டறியலாம். நாகியோஸ், ஜாபிக்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பழுது லைனிலா, கணினியிலா என்ற வாக்குவாதத்துக்கு இடமே இராது.

ஒரு கணினியும் ஒரு கைபேசியும் உள்ள சிறு கடைக்கு இது தேவையா? தேவையில்லை என்பதே நமது கருத்து. எந்தச் சாதனம், யார் வைத்தது, யாரை அழைப்பது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். குடோன், கிளைகள், பல கவுண்டர்கள் வைத்திருக்கும் மொத்த வணிகர்களே இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

ஆனால் விற்பவர்கள் சொல்லாத ஒன்றை நாம் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாதனங்களையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் மென்பொருள், எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. 2021 ஜூலையில் ஸ்வீடன் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கூப் என்ற மளிகைக் கடைத் தொடருக்கு ஏறத்தாழ 800 கடைகள். அதன் கல்லா இயந்திரங்களைக் கவனித்து வந்த ஒப்பந்த நிறுவனம், கசேயா என்ற தொலை மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. திருடர்கள் அந்த மென்பொருளின் ஓட்டை வழியே புகுந்து தகவல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். கல்லாக்கள் முடங்கின. பெரும்பாலான கடைகளை மூட நேர்ந்தது. சரக்கு இருந்தது, ஆள் இருந்தது, வாடிக்கையாளரும் இருந்தார்கள். பில் போட மட்டும் வழியில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

கேமராக்களின் கதையும் அப்படியே. 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. பூட்டை உடைத்து அல்ல. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இவை. கடவுச்சொற்கள் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். சர்வீஸ்காரர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. சாதனம் பொருத்திய அன்றே பழைய சொல்லை மாற்ற வேண்டும். வெளியிலிருந்து கடைக் கணினிக்குள் நுழையும் வசதி, வேலை இருக்கும்போது மட்டும் திறந்திருக்க வேண்டும். கேமராவும் பில் கணினியும் தனித்தனி இணைப்பில் இருப்பது நல்லது. கணக்கின் நகல் ஒன்று, இணைப்பில் சேராத தனிப் பெட்டியில் தினமும் எடுக்கப்பட வேண்டும். கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

தனித்தனியே பேரம் பேசினால் நம் குரல் எடுபடாது. ஒரே கடைவீதியில் இருபது கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு நல்ல தொழில்நுட்பரை அமர்த்தினால் செலவு பகிரும், பொறுப்பும் எழுத்தில் கிடைக்கும். கிளைச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

உடையவன் பாராத வேலை ஒரு முழம் கட்டை என்றார்கள் பெரியோர். பார்ப்பதற்கு மென்பொருள் வரட்டும், வரவேற்போம். கடைச் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்.