முன்னால் கொடுப்பதும் பின்னால் கொடுப்பதும்

சென்ற ஏப்ரலில் என் பேத்தியும் அவளுடைய கல்லூரி நண்பர்களுமாக எட்டுப் பேர் ஸ்கூபா டைவிங் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கடலுக்குள் இறங்குகிற வயதா எனக்கு? படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான். காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு ஏறினோம். பயிற்சியாளர்கள் இரண்டு பேர். ஆளுக்கு நான்கு பேரைப் பிரித்துக்கொண்டார்கள்.

என் பேத்தியை அழைத்துப் போகவிருந்தவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். படகு கிளம்புமுன் அவரைத் தனியே கூப்பிட்டு, 500 ரூபாய்த் தாளைக் கைக்குள் வைத்து, "தம்பி, அந்த நீலச் சட்டைப் பொண்ணு என் பேத்தி. கொஞ்சம் தனியா பாத்துக்கப்பா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நாலு பேரையும் ஒரே மாதிரிதான் சார் பாக்கணும். கரைக்கு வந்ததும் பேசிக்கலாம்."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. 36 வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். என் மேசை மேல் எவரும் பணம் வைக்க விட்டதில்லை என்று இந்தப் பக்கத்திலேயே பெருமை அடித்திருக்கிறேன்.

நடந்ததைக் கேளுங்கள். நால்வரும் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் காது வலி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். திறக்காமல் இறங்கினால் செவிப்பறை கிழிந்துவிடலாம். முதல் முறை இறங்குகிறவர்களை நீருக்கடியில் தனியே விட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் மேலே கொண்டுவர முடியாது. அதனால் நால்வரையும் கூட்டி வந்து, அந்தப் பெண்ணைப் படகில் ஏற்றிவிட்டு, மற்ற மூவரோடு மறுபடி இறங்கினார். சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டதால் அந்த மூவருக்கும் நேரமும் குறைந்துபோனது. என் பேத்தியும் அதில் ஒருத்தி.

என் 500 ரூபாயை அவர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, சரியாகிடும்" என்று அந்தப் பெண்ணிடம் சைகை காட்டிவிட்டு, என் பேத்திக்கு மீன் காட்டப் போயிருப்பாரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் நான் கொடுக்கப் பார்த்தது அந்த ஆசைக்குத்தானே?

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அந்த மொழியில் டிப்ஸுக்குப் பெயர் பூர்புவார். 'குடிப்பதற்கு' என்று பொருள். லஞ்சத்துக்குப் பெயர் போ-த-வேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒயின் ஜாடி'. இரண்டும் குடி சம்பந்தப்பட்டதுதான். வாத்தியாரிடம் வித்தியாசம் கேட்டதற்கு, முன்னால் கொடுத்தால் ஜாடி, பின்னால் கொடுத்தால் பூர்புவார் என்றார். அன்று வகுப்பே சிரித்தது. படகில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. (வேலை முடிந்த பிறகும் பணம் வாங்கக் கூடாது என்பது எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்கான விதி. பயிற்சியாளருக்கு அந்தத் தடை இல்லை.)

கரைக்கு வந்ததும் பிள்ளைகள் ஆளுக்கு 200 ரூபாய் போடலாம் என்றார்கள். ஒரு பையன் மட்டும், "பாதி நேரம் மேலேயும் கீழேயும் போறதுலயே போச்சு. ஒரு ஆமைகூடக் காட்டல. எதுக்கு டிப்ஸ்?" என்றான். காது வலித்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன்: "தம்பி, ஆமை வர்றது அவர் கையில இல்ல. உங்க நாலு பேரையும் முழுசா கரை சேர்த்தது அவர் கையில இருந்தது." அவன் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி வாங்கினால் அது வரி. ஏழு பேருடைய 1,400, என்னுடைய 500, ஆக 1,900 ரூபாயை ஒரு உறையில் போட்டோம்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். இறங்குமுன் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். முடிந்த பிறகு எல்லோருமாகச் சேர்த்து ஒரே உறையில் கொடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டாம். மாணவர்களும் சம்பளக்காரர்களும் ஒரே குழுவில் இருப்பார்கள். வெளிநாட்டுப் படகுகளில் கட்டணத்தில் 10 சதவீதம் என்றெல்லாம் கணக்குச் சொல்வார்கள். நம் ஊரில் அப்படி வழக்கம் இல்லை, முடிந்ததைக் கொடுங்கள். கொடுக்கும்போது, "படகுக்காரருக்கும் சிலிண்டர் தூக்கினவருக்கும் இதில் பங்கு உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள். நம் கண்ணில் படுகிறவர் பயிற்சியாளர். விடியுமுன் வந்து காற்று நிரப்பி வைத்தவர் படுவதில்லை.

முக்கியமானது ஒன்று. மீனுக்கும் ஆமைக்கும் டிப்ஸ் கொடுக்கப் பழகினால், அவர்களும் மீனையும் ஆமையையும் துரத்தத்தான் பழகுவார்கள். அலை அதிகம், தண்ணீர் கலங்கல், இன்று இறங்க வேண்டாம் என்று ஒரு பயிற்சியாளர் படகைத் திருப்பினால், முணுமுணுக்காமல் அன்றைக்கும் ஏதாவது கொடுங்கள். வருமானம் போகும் என்று தெரிந்தே 'வேண்டாம்' சொன்னவர் அவர்.

அந்தத் தம்பி உறையை வாங்கிக்கொண்டு, "இப்ப சரி சார்" என்றார். என் பேத்திக்கு இது எதுவும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.