ஒற்றாடலும் ஒரு சிறிய அச்சகமும்

நண்பர் ஒருவர் ஏழு பேரை வைத்துச் சிறிய அச்சகம் நடத்திவருகிறார். என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருத்தியை மெய்ப்புத் திருத்தும் பணிக்கு அங்கே நான்தான் சேர்த்துவிட்டேன். சென்ற மாதம் அவள் நிறுத்தப்பட்டாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளொன்றை யாருக்கும் சொல்லாமல் நண்பர் கணினிகளில் நிறுவியிருக்கிறார். வேலை நேரத்தில் அவள் வாட்ஸ்அப்பில் அண்ணியோடு எழுதிக்கொண்டது அதில் சிக்கியது. தாயின் புற்றுநோய்ச் சிகிச்சை குறித்த பேச்சு அது. அதை மற்றவர் முன்னிலையில் வாசித்தும் காட்டியிருக்கிறார்.

நான் கேட்டபோது நண்பர் வள்ளுவரைத் துணைக்கழைத்தார். "பணி செய்கிறவர்களையும் ஒற்றறியச் சொல்லியிருக்கிறாரே, ஐயா! நீங்கள் நடத்துகிற பாடம்தானே?" உண்மைதான். ஒற்றாடல் அதிகாரம் சுற்றத்தாரையும் பகைவரையும் போலவே வினை செய்வாரையும் ஆராயச் சொல்கிறது. அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. தாமதமாக வந்த பதில்தான் இது.

நண்பரின் அச்சம் பொய்யன்று. ஏழு பேரில் ஒருவர் ஒரு மணி நேரம் காணொளியில் மூழ்கினால் முகூர்த்தத்துக்கு முன் அழைப்பிதழ் போய்ச் சேராது. கண்ட தளத்திலிருந்து வந்திறங்கும் நச்சுநிரல் வாடிக்கையாளரின் கோப்புகளையெல்லாம் முடக்கிவிடும். ஆகவே கட்டுப்பாடே கூடாது என்று நான் வாதிடவில்லை. எதைக் கட்டுப்படுத்துவது, எதைப் படிப்பது என்பதே கேள்வி.

ருமேனியாவில் 2007இல் இதே கேள்வி எழுந்தது. தனியார் நிறுவனமொன்றின் பொறியாளர், அலுவலகத் தேவைக்கென்று தொடங்கிய யாகூ மெசஞ்சர் கணக்கில் தம் சகோதரரோடும் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடும் உரையாடினார். நிறுவனம் அதைக் கண்காணித்து 45 பக்கங்களுக்குப் படியெடுத்து அவரைப் பணிநீக்கியது. சொந்தப் பயன்பாடு கூடாதென்ற விதி அங்கே இருக்கத்தான் செய்தது. எனினும் பர்புலெஸ்கு வழக்கு எனப்படும் இவ்வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2017 செப்டம்பர் 5 அன்று 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் பொறியாளர் பக்கம் நின்றது. கண்காணிப்பு உண்டென்றும் அது எவ்வளவு தூரம் செல்லுமென்றும் முன்கூட்டியே சொல்லப்பட்டதா, அதற்குத் தக்க காரணம் இருந்ததா, இதைவிட மென்மையான வழி இல்லையா என்பவற்றை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்றது. முதலாளியின் விதி எதுவாயினும் பணியிடத்தில் மனிதரின் தனிவாழ்வைச் சுழியமாக்கிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர்தான், 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்காக ஊழியரின் தரவை அவர் ஒப்புதலின்றியே கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. சட்டம் இடம் விடும்போது முதலாளியின் அறவுணர்வுக்குப் பொறுப்பு கூடுகிறது.

இனி வள்ளுவருக்கு வருவோம். ஒற்றாடல் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம். நாடு காக்கும் வேந்தனுக்குச் சொன்னது. ஐம்பத்தோராம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதலோ ஆராய்ந்த பின் ஏற்றுக்கொள் என்கிறது. ஏற்றுக்கொண்டவரை ஐயுறுவது தீராத் துன்பம் தரும் என்றும் எச்சரிக்கிறது. ஒற்றாடலிலும், ஓர் ஒற்றர் சொன்னதை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கும்படி கூறப்படுகிறது. நண்பரோ அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரைப்படிமம் என்ன எழுதினாள் என்பதைக் காட்டும். ஏன் எழுதினாள் என்பதைக் காட்டாது.

நண்பரிடம் நான் சொன்னவை எளியவை. எந்தத் தளங்கள் கூடாதென ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேண்டாத தளங்களைத் தடுங்கள், உரையாடல்களைப் படிக்காதீர்கள். பதிவுகள் சேமிக்கப்படுமானால் அதையும் யார் பார்ப்பார் என்பதையும் அறிவியுங்கள். உழைப்பை முடிந்த வேலையால் அளவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அதே வாட்ஸ்அப்பில் அவளுக்கு மெய்ப்பு அனுப்பியவர் நீங்கள்தான். அலுவலகம் வீட்டுக்குள் நுழையலாம், வீடு அலுவலகத்துக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

அவள் திருத்திய படிகளில் பிழை இருந்ததா என்றும் கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் அவர் எதை இழந்தார் என்பதை அவர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.